தீபச் சந்தையில் காது பார்த்த பெரியவர்

கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை வருகிறவர்கள் மலையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். மாடு வைத்திருக்கும் நமக்கு, அதே நாட்களில் கூடும் மாட்டுச் சந்தையையும் பார்க்காமல் ஊர் திரும்ப மனசு வராது.

சலங்கை, மூக்கணாங்கயிறு, சாட்டை விற்கும் கடைகளைத் தாண்டினால் ஜோடி ஜோடியாக மாடுகள். ஒருவர் வாயைப் பிளந்து பல் பார்க்கிறார். இன்னொருவர் சுழி பார்க்கிறார். தரகர் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுகிறார்.

நான் நின்ற இடத்தில் நாலு பல் காளை ஜோடி ஒன்றுக்கு விலை படிகிற நேரம். வாங்க வந்த பெரியவர் காதைத் தடவிப் பார்த்தார்.

"வில்லையைக் காணோமே. காணைக்கு ஊசி போட்டியாப்பா?"

"நேத்துதான் போட்டேங்கய்யா."

"நேத்துப் போட்ட ஊசி இன்னைக்குக் காக்காதுப்பா" என்று கையை எடுத்துக்கொண்டார்.

அவர் சொன்னது சரி. கோமாரி என்கிற காணை நோய்க்கு ஊசி போட்டால், உடம்பில் எதிர்ப்புச் சக்தி வர இரண்டு மூன்று வாரம் ஆகும். கார்த்திகையில் விற்கப்போகிற மாட்டுக்கு ஐப்பசியிலேயே ஊசி போட்டிருக்க வேண்டும். கன்றுக்கு 4 மாதத்தில் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து அடுத்தது, பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்த ஊசி இலவசம். காது வில்லையிலுள்ள 12 இலக்க எண்ணில் ஊசி விவரம் பதிவாகிறது.

கிருமி புகுந்த மாடு 2 முதல் 14 நாள் வரை நன்றாகவே தெரியும். அதற்குள் எச்சில், தண்ணீர்த் தொட்டி, லாரி, நம் கால் வழியாக நோய் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். 2013இல் தமிழ்நாட்டில் கோமாரி பரவியபோது பல ஊர்களில் மாட்டுச் சந்தைகளையே மூடினார்கள். உழவுக்கோ, பாலுக்கோ, இறைச்சிக்கோ, எதற்கு விற்பவருக்கும் அன்று வழியில்லை. கோமாரி இல்லாத நாடு என்ற பெயர் நமக்கு இன்னும் கிடைக்காததால், வெளிநாடுகள் பலவும் நம் எருமை இறைச்சியை வாங்குவதில்லை.

வாங்கிய மாட்டை மட்டுமல்ல, விலை போகாமல் திரும்பிய மாட்டையும் மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள். லிட்டருக்கு 40 கிராம் சலவைச் சோடா கரைத்துக் கால், கயிறு, வாளியைக் கழுவுங்கள். எச்சில் ஒழுகி, நொண்டினால் 1962க்குப் பேசுங்கள். அந்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள்.

அந்த ஜோடி அன்று விலை போகவில்லை. "அடுத்த வருஷம் ஐப்பசியிலயே போட்டுட்டு வர்றேன்" என்றார் அவர், கயிற்றை அவிழ்த்தபடி.