வாய்க்கால் தண்ணீருக்குத் தாய்வீடு

ஆகஸ்ட் நெருங்கினால் கீழ்பவானி ஆயக்கட்டில் ஒரே பேச்சுதான். அணையில் எத்தனை அடி? வாய்க்காலில் என்றைக்குத் திறப்பார்கள்? நாற்று விட்டவரும் கடைமடைக்காரரும் பவானிசாகரைத்தான் பார்ப்பார்கள். அணைக்கு மேலே இருக்கும் மலையை நினைப்பவர்கள் குறைவு.

நீலகிரியின் மேற்கு விளிம்பில், கேரள எல்லையை ஒட்டி இருக்கிறது முக்குருத்தி தேசியப் பூங்கா. பரப்பு சுமார் 78 சதுர கிலோமீட்டர்தான். 1990-ல் தேசியப் பூங்காவானது. தென்மேற்கே கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவக்காற்று வந்து மோதும் மலைமுகடு இது. மழையில் பெரும்பங்கை மலையே வாங்கிக்கொள்வதால், ஈரோடு, காங்கேயம் பக்கம் மழைமறைவுப் பூமி. ஆனால் வாங்கிய தண்ணீரை மலை வைத்துக்கொள்வதில்லை. முக்குருத்திப் பகுதியில் பிறக்கும் பைக்காரா, வடக்கே இறங்கி மோயாறாகிறது. தென்மேற்கில் பிறக்கும் பவானி, கேரளத்தின் அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்புகிறது. இரண்டும் பவானிசாகரில் சேருகின்றன. அங்கிருந்துதான் 2.07 லட்சம் ஏக்கருக்குக் கீழ்பவானி வாய்க்கால் பாய்கிறது.

“வரையாட்டுக்கும் புல்லுக்கும் எதற்கு இவ்வளவு இடம்?” என்று கேட்கும் விவசாயிகள் உண்டு. மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு. இதுதான் அந்த மலையின் அமைப்பு. புல்லின் சல்லிவேர் மண்ணைப் பிடித்து வைக்கிறது. மழை நீர் மண்ணில் ஊறி, ஓடைகளில் மெதுவாகக் கசிகிறது. வெற்று நிலம் என்று நினைத்து அந்தப் புல்வெளிகளில் ஒரு காலத்தில் தைலமரமும், தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை மரமும் வைத்தார்கள். நீலகிரி கிளன்மார்கனில் மண், நீர்ப் பாதுகாப்பு விஞ்ஞானிகள் நடத்திய ஆய்வில், தைலமரம் வைத்த புல்வெளியிலிருந்து வரும் ஓடைநீர் குறைந்துபோனது.

சீகை, நம் ஊர்ச் சீமைக்கருவேலம் மாதிரி. வெட்டினால் மட்டும் போகாது; மண்ணில் பல வருடம் கிடந்த விதையும் முளைக்கும். வெட்டிய இடத்தில் வருடம் தவறாமல் நாற்றைப் பிடுங்கினால்தான் புல் திரும்பும். பார்த்தீனியத்தோடு மல்லுக்கட்டிய விவசாயிக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

முறைப்பாசனத்துக்கும் மதகுக்கும் சண்டை போடும் பாசன சபைகள், மலையில் சீகை அகற்றும் பணி எதுவரை வந்திருக்கிறது என்றும் வனத்துறையிடம் கேட்கலாம். தூர்வாரும் கோரிக்கையோடு இதையும் ஒரு வரி சேர்த்து எழுதினால் போதும். வாய்க்காலின் தலைமடை பவானிசாகர் மதகு அல்ல, அந்தப் புல்மேடு.