புனர்பூசத்தின் நிழல் கிரகம்

அம்மா டெக்சாஸில் காப்பெலுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பங்குனி மாத இரவு. கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். டாலஸில் இறங்கும் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தன. "ஏம்ப்பா, என் நட்சத்திரம் இங்க தெரியுமா?" என்றாள். அவளுக்குப் புனர்பூசம்.

ஊர் வெளிச்சத்தையும் மீறித் தெரிந்தது. கும்பகோணத்தில் உச்சிக்கு வடக்கே சரிந்து நிற்கும் அந்த நட்சத்திர ஜோடி, இங்கே ஏறக்குறைய நேர் உச்சியில். இரண்டில் ஆரஞ்சுச் சாயல் கொண்டது பொல்லக்ஸ். 34 ஒளியாண்டு தொலைவு. வயதில் சூரியனுக்கு இளையது. ஆனால் கனம் அதிகம் என்பதால் எரிபொருளைச் சீக்கிரம் செலவழித்து, சூரியனைப்போல் ஒன்பது மடங்கு அகலத்துக்கு ஊதிவிட்ட அரக்க நட்சத்திரம்.

இதே டெக்சாஸின் மேற்குக் கோடியில், டேவிஸ் மலைகளில் மெக்டொனால்ட் வானாய்வகம் இருக்கிறது. அங்கே எடுத்த அளவீடுகளை வைத்து ஆர்ட்டி ஹாட்ஸஸும் வில்லியம் காக்ரனும் 1993-இல் ஒரு செய்தி சொன்னார்கள்: மூன்று அரக்க நட்சத்திரங்கள் நம்மை நோக்கிக் கொஞ்சம் வருவதும் விலகுவதுமாக ஆடுகின்றன. அந்த மூன்றும் நம் பஞ்சாங்கத்தில் சுவாதி, ரோகிணி, புனர்பூசம். அதைப் படித்த நாளில் எனக்கு மெய்சிலிர்த்தது.

பொல்லக்ஸின் ஆட்டம் நொடிக்கு 40 மீட்டருக்குச் சற்று மேல். நெடுஞ்சாலையில் விரையும் காரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். நிறமாலைக் கோடுகள் மயிரிழை நகர்வதை வைத்தே அதைக் கணித்தார்கள். சுற்றும் கோள் ஒன்று இழுப்பதால் இப்படி ஆடலாம். ஆனால் அரக்க நட்சத்திரங்கள் தாமாகவே விம்மித் தணியும். சுழலும்போது புள்ளிகளைக் காட்டி ஏமாற்றும். எனவே காத்திருந்தார்கள். சுமார் 590 நாளுக்கு ஒருமுறை ஆட்டம் பிசகாமல் திரும்பி வந்தது. 25 ஆண்டு அளவீடுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகே, 2006-இல், வியாழனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கனமுள்ள ஒரு கோள் அங்கே சுற்றுகிறது என்று அறிவித்தார்கள். யாரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

"ராகு கேது மாதிரியா?" என்று கேட்டாள் அம்மா. யோசித்துப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாமல் கணக்கில் மட்டும் தெரிவதற்கு நம்மிடம் நிழல் கிரகம் என்று பெயரே இருக்கிறதே. "கிட்டத்தட்ட அப்படித்தாம்மா."

2015-இல் அதற்குத் தெஸ்தியாஸ் என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கக் கதையில் பொல்லக்ஸின் தாய் லீடா. லீடா என்ற பெயர் ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டதால், அவளுடைய தகப்பன் வழிப் பெயரைச் சூட்டினார்கள். அம்மா வெகுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாதான் பிள்ளையைச் சுத்திக்கிட்டு இருக்காளா?"

2021-இல் வந்த ஒரு ஆய்வைப் பற்றியும் அவளிடம் மறைக்கவில்லை. பொல்லக்ஸுக்கு மெல்லிய காந்தப்புலம் உண்டு. நட்சத்திரம் சுழலச் சுழல அதுவே இந்த ஆட்டத்தை உண்டாக்கலாம், கோளே இல்லாமலும் போகலாம் என்கிறது அது. ரோகிணிக்குச் சொன்ன கோளும் இப்படித்தான் சந்தேகத்துக்கு உள்ளானது. அத்தனை வருட உழைப்புக்குப் பிறகும் ஒரு கணக்கை மறுபடி திறந்துவைக்கிறார்களே, அந்த மனதின்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஆறு மாதம் முடிந்து அம்மா ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த பங்குனியில் ஒரு நாள் போன் செய்தாள். மருந்து, மழை, பக்கத்து வீட்டுக் கல்யாணம் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் கேட்டாள்: "அந்த அம்மா இருக்காளா இல்லையான்னு இன்னும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்களா?"

"பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்கம்மா" என்றேன்.