ஆமைக் கணக்கு

"விடிய விடிய நடக்கணும் சார், பரவாயில்லையா?" என்று கேட்டான் அந்தக் காலேஜ் பையன். பால் பாக்கெட் வாங்கக்கூட ஸ்கூட்டரில் போகிற நான், வீம்புக்கு "ஓ!" என்று தலையாட்டிவிட்டேன்.

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர். கால் புதையும் மணல். ஆமை வேகம் என்பார்களே, அது என் வேகம்! 1988-ல் சென்னை மாணவர்கள் ஆரம்பித்த கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு இது. வருஷா வருஷம் ஜனவரியிலிருந்து ராத்திரி நடை. சம்பளம்? சல்லிக்காசு கிடையாது.

பங்குனி ஆமை முட்டையிட்ட குழியைக் கம்பால் குத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். 100 சொச்சம் முட்டைகளையும் எண்ணி எடுத்துப்போய், வேலி போட்ட இடத்தில் அதே ஆழத்தில் புதைக்கிறார்கள். சுமார் 45 நாளில் குஞ்சு பொரிந்ததும் கடலில் விடுகிறார்கள். அப்படியே விட்டால் முட்டையை நாய் தின்னும். தப்பிப் பொரிந்த குஞ்சோ தெருவிளக்கைக் கடல் வெளிச்சம் என்று நம்பி ரோட்டுக்கு வந்துவிடும்.

நான் போனது 2025 ஜனவரியில். கிடைத்தது முட்டை இல்லை, செத்த ஆமை. அந்த மாதம் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கும் நம்மைப்போல நுரையீரல்தான். இழுவலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும்.

பையன் டார்ச் அடித்து, நோட்டில் குறித்துக்கொண்டான்.

"செத்ததை எண்ணி என்னப்பா ஆகப்போகுது?"

"எண்ணலேன்னா, ஒண்ணுமே சாகலைன்னுடுவாங்க சார்!"

அதற்கப்புறம் பெசன்ட் நகர் வரை நான் கால் வலிக்கிறது என்று சொல்லவே இல்லை.