கையொப்பத்திற்கு முன்

நூலின் அட்டையில் ஆசிரியர் பெயர் ஒளிரும். அவரையும் பதிப்பாளரையும் பிணைத்த ஒப்பந்தத்தை வாசகர் காண்பதில்லை. பதிப்பகமொன்றில் அத்தாள்களை எழுதிக் காப்பதே பல்லாண்டுகளாக என் பணி.

எழுத்தாளர் பலர் படிக்காமலே கையொப்பமிட முனைவர். நூல் வெளிவருகிறதே என்னும் மகிழ்ச்சி! நான் விடுவதில்லை, அமரவைத்து வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். உரிமைத்தொகை 10 விழுக்காடு என்றால் எதற்கு? 200 ரூபாய் நூலின் அச்சிட்ட விலைக்கெனில் 20 ரூபாய். விற்பனையாளருக்குரிய 40 விழுக்காட்டுக் கழிவு போகவெனில் 12 ரூபாயே.

ஒருமுறை, மறைந்த நாவலாசிரியர் ஒருவரின் மனைவி மஞ்சள் பையிலிருந்து ஓர் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். வேறொரு பதிப்பகத்தோடு 2004இல் செய்துகொண்டது. "மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டாராம், ஐயா. பதிப்புகள் வந்தவண்ணம் உள்ளன, பணம் வருவதில்லை" என்றார்.

இருமுறை படித்தேன். உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு என்பது எங்கும் எழுதப்படவில்லை. காலம் குறிக்காத உரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும் என்கிறது நம் பதிப்புரிமைச் சட்டம். ஆசிரியர் மறைந்தபின்னும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும்.

"அப்படியானால், அடுத்த பதிப்புக்கு என்னைக் கேட்க வேண்டுமா?"

"கேட்டே ஆக வேண்டும், அம்மா."

பிற பதிப்பகத்தின் விவகாரத்தில் தலையிடலாமா எனச் சிலர் வினவக்கூடும். அன்று மாலையே அவர் சொல்லச்சொல்ல மடல் எழுதினேன். கையொப்பமிடுமுன் அவர் அதனை முழுவதும் படித்தார்.