நோயின் பெயர்

விஞ்ஞானிகளின் வாழ்க்கை வரலாறுகளைவிட அவர்களின் ஆய்வுக் கட்டுரைப் பட்டியல்கள்தான் எனக்குப் பிடித்த வாசிப்பு. ஆண்டு வாரியாக நிற்கும் தலைப்புகளை நிதானமாகப் பார்த்துக்கொண்டு போனால், ஒரு மனிதர் எதை நம்பினார், எவ்வளவு காலம் தனித்து நின்றார் என்பது விளங்கிவிடும். ஹரால்ட் சுர் ஹவுசன் என்ற ஜேர்மானியரின் பட்டியல் அப்படி என்னைப் பிடித்துக்கொண்ட ஒன்று.

1936இல் பிறந்து 2023இல் மறைந்தவர் அவர். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு ஹேர்ப்பீஸ் வகை வைரஸ் ஒன்றே காரணம் என்று 1970களில் பலர் நம்பியிருந்தார்கள். சுர் ஹவுசன் நோயுற்ற இழையங்களில் அதைத் தேடினார், அது இருக்கவில்லை. 1974இல் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த மாநாட்டில் இதை எடுத்துச் சொன்னபோது சபையில் வரவேற்பு இல்லை. அவரது சந்தேகம் மருக்களை உண்டாக்கும் பபிலோமா வைரஸ் குடும்பத்தின் மீது இருந்தது. அந்தத் தடத்திலேயே ஆண்டுக்கணக்காகத் தேடினார். 1983இல் அவரது குழு அந்த வைரஸின் 16ஆம் வகையையும், அடுத்த ஆண்டில் 18ஆம் வகையையும் புற்று இழையங்களில் கண்டுபிடித்தது. உலகில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பத்துப் பேருக்கு வந்தால், ஏறக்குறைய ஏழு பேருக்கு இவ்விரண்டாலும்தான் வருகிறது.

ஆனாலும் பட்டியலில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது 1985இல் வெளிவந்த கட்டுரையை. அதன் முதற் பெயர் எலிசபெத் ஷ்வார்ட்ஸ் என்ற பெண் விஞ்ஞானியுடையது. களவு போன வீட்டு வாசலில் நின்றவனெல்லாம் கள்வனல்லன். வைரஸின் டி.என்.ஏ. புற்றுக் கலத்தில் கிடப்பது மட்டும் அதைக் குற்றவாளி ஆக்கிவிடாது. அது அங்கே வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டும். டி.என்.ஏ. பெட்டிக்குள் பூட்டிவைத்த மூல உறுதி என்றால், ஆர்.என்.ஏ. அதிலிருந்து எடுக்கும் பிரதி. அந்தப் பிரதியைப் பார்த்துத்தான் கலம் புரதத்தை ஆக்குகிறது. அந்தக் குழு தேடியது இந்தப் பிரதிகளை; அவை கிடைத்தன. வைரஸின் மற்றப் பகுதிகள் சிதைந்திருந்த கலங்களிலும் ஈ6, ஈ7 என்ற இரண்டு பரம்பரையலகுகள் தொழிற்பட்டுக்கொண்டிருந்தன. கலம் கட்டுமீறிப் பெருகாமல் காவல் நிற்கும் இரண்டு புரதங்களை அவை முடக்குகின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று.

அவர்கள் ஆராய்ந்தவற்றுள் ஹீலா கலங்களும் இருந்தன. ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாய் 1951இல், தமது 31ஆவது வயதில், இதே நோயால் பால்டிமோரில் இறந்தார். அவரிடம் கேளாமல் எடுக்கப்பட்ட கலங்கள் உலகெங்கும் ஆய்வுகூடங்களில் இன்றும் வளர்கின்றன. நெடுங்காலம் அவை வேறொரு பெயருள்ள பெண்ணுடையவை என்றே சொல்லப்பட்டு வந்தன. அவரைக் கொன்றது 18ஆம் வகை என்பதை, முப்பது ஆண்டுகளுக்கும் பிறகு அந்தக் கலங்களே காட்டிக்கொடுத்தன.

2006இல் தடுப்பூசி பாவனைக்கு வந்தது. 2008இல் சுர் ஹவுசனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2017இல் அந்த ஊசி நம் நாட்டின் நிர்ப்பீடனத் திட்டத்திலும் சேர்ந்து, தரம் 6 மாணவியரைத் தேடி எங்கள் கிராமத்துப் பாடசாலைக்கும் வந்தது.

சம்மதப் படிவத்தோடு ஓர் உம்மா வந்து நின்றார். "எங்கட புள்ளைக்கு ஒரு வருத்தமும் இல்லையே சேர். இது என்னத்துக்கு?"

"வெள்ளம் வந்த பொறகு அணை கட்டேலாது ராத்தா" என்றேன்.

"என்ன வருத்தத்துக்கு இது?"

நோயின் பெயரைச் சொன்னேன். அவர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிலத்தைப் பார்த்தார். பிறகு, தாழ்ந்த குரலில், அதைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டார். தனக்கும் அது வருமா என்று கேட்டார். 35 வயதான பெண்களுக்கு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கிளினிக்கில் இதற்கான பரிசோதனை இருப்பதைச் சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தி.

என் சாச்சி இந்த நோயில்தான் மௌத்தானார். வீட்டில் அதற்குப் 'பொம்புள வருத்தம்' என்று பெயர். அவர் ஒருவருக்கும் சொல்லாமல் பொறுத்திருந்தார். கொழும்புக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்திருந்தது. ஊசி இல்லாத காலம் அது. ஆனால் பரிசோதனை இருந்தது. வாய் திறந்து சொல்ல ஒரு சொல்தான் இருக்கவில்லை.

நம் கதைகளிலும் கவிதைகளிலும் உம்மாமார் நிறையவே மௌத்தாகிறார்கள். அவர்களுக்காக நாம் அழகாக அழுதிருக்கிறோம். என்ன நோயென்று எழுதியது மிகக் குறைவு. 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பெண்களைக் கொண்டுபோன நோய் இது. ஒருவர் அதன் காரணத்தைத் தேடிப் பாதி ஆயுளைச் செலவிட்டார். எழுதுகிற நமக்கு அதன் பெயரை எழுதுவது பெரிய காரியமல்ல: கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்.