வெள்ளியங்கிரிக்குப் போறீங்களா?

பிப்ரவரி முதல் மே வரைதான் வனத்துறை மலைப்பாதையைத் திறந்துவிடும். உங்க கேங்கும் ஏதோ ஒரு சனிக்கிழமை ராத்திரிக்கு பிளான் போட்டிருக்கும்.

பூண்டி அடிவாரத்துல மூங்கில் தடி வாங்கிக்கோங்க. இறங்கும்போது முட்டிக்கு அதுதான் துணை. முதல் மலைப் படிக்கட்டே பாதி உயிரை வாங்கிடும்; ஏழாவதுல குளிர்காத்து ஸ்வெட்டரைத் தாண்டும். 2024 சீசனில் மூச்சுத்திணறி சிலர் இறந்தே போனாங்க.

போன மார்ச்சில், நாலாவது மலையில் நண்பன் ஒருத்தன் "நெஞ்சு படபடங்குதுடா" என்றான். உட்கார வெச்சு தண்ணி கொடுத்தும் அடங்கல. "இன்னும் கொஞ்சம்தான் மாப்ள" என்று ரெண்டு பேர் இழுத்தாங்க. (இன்னும் மூணு மலை இருக்கு!) நாங்க மூணு பேர் அவனோட மெதுவா இறங்கிட்டோம்.

மேல போனவங்க சூரிய உதயத்தை ஸ்டேட்டஸ் வெச்சாங்க. நாங்க அடிவாரத்துல இட்லி சாப்பிட்டோம். அவன் மட்டும் ஆறு.