தாண்டியிலிருந்து லே வரை: ‘தனியே’ என்னும் சொல்லின் ஒரு நாள்

சந்திராவும் பாகாவும் கூடிச் செனாப் ஆகும் இடம் தாண்டி. ஹிமாச்சலத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் உள்ள அச்சிற்றூரின் பெட்ரோல் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால்தான் என்று ஒரு பலகை பல ஆண்டுகளாக அறிவித்து வந்தது. மணாலி–லே சாலையில் செல்லும் இருசக்கர வண்டிக்காரர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். படம் எடுத்து முடித்ததும் கணக்குப் போடுவார்கள். 15 லிட்டர் கொள்ளும் தொட்டி. லிட்டருக்கு 30 கிலோமீட்டர். ஏற்றத்தில் அது குறையும். ஆகவே 5 லிட்டர் கேன் ஒன்று கூடுதலாக. கணக்கு சரியாக வந்துவிட்டால், இனி எவர் தயவும் வேண்டியதில்லை என்னும் எண்ணம் பிறக்கிறது. தனிப்பயணத்தின் கவர்ச்சி பெரும்பாலும் அந்த எண்ணத்தில்தான் இருக்கிறது.

கல்லூரி ஆசிரியை ஒருவர் ஜூலை மாதத்தில் ஒருநாள் அந்தக் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பினார். முன்னதாக ஜிஸ்பாவில் இரண்டு இரவுகள் தங்கியிருந்தார். ஏறத்தாழ 3,200 மீட்டர் உயரத்தில் உடலைப் பழக்கிக்கொண்டு, இடையில் எங்கும் உறங்காமல் ஒரே பகலில் லேயை அடைவது அவர் திட்டம். வழியில் சர்ச்சு, பாங் ஆகிய இடங்களில் கூடாரங்கள் உண்டு. ஆனால் அவை 4,300 மீட்டருக்கும் 4,600 மீட்டருக்கும் மேல். பகலில் உயரத்தைக் கடப்பதைவிட, இரவில் அங்கே உறங்குவதுதான் உடலுக்குக் கடினம். 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டவேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பொதுவிதி. லே 3,500 மீட்டர்தான். இடைப்பட்ட 330 கிலோமீட்டரும் நான்கு கணவாய்களும் பகலோடு முடிந்துவிட வேண்டும்.

விடியுமுன் கிளம்புவதற்கு இன்னொரு காரணம் தண்ணீர். சாலையைக் குறுக்கே வெட்டிச் செல்லும் ஓடைகள் பனியாற்றிலிருந்து வருபவை. இரவின் குளிரில் உருகுதல் ஓய்ந்து, காலையில் ஓடை கணுக்கால் அளவே இருக்கும். வெயில் ஏற ஏறப் பனி உருகும். அந்த நீர் கீழே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். பிற்பகலில் அதே ஓடை முழங்காலைத் தொடும். நாளின் அட்டவணையைக் கதிரவன் எழுதுகிறது; பயணி அதைப் படிக்கத் தெரிந்திருந்தால் போதும்.

சூரஜ் தால் ஏரியைக் கடந்து பாரலாச்சா கணவாயை அவர் அடைந்தபோது காலை எட்டு மணி. 4,890 மீட்டர். லாஹௌல், ஸ்பித்தி, சன்ஸ்கார், லடாக் ஆகிய நான்கு நிலங்களுக்கும் வழிகள் பிரியும் பழைய வணிகச் சந்தி அது. பாகா அங்கே தோன்றி ஒருபுறமும், சந்திரா மறுபுறமும் இறங்கி, மலையைச் சுற்றிவந்து தாண்டியில் சேர்கின்றன. வடக்கே இறங்கும் யுனம் ஆறோ சாரப்பில் கலந்து சன்ஸ்காராகிச் சிந்துவை அடைகிறது. செனாப்பும் கடைசியில் சிந்துவின் நீரே. ஒரு கணவாயில் பிரியும் நீர் சமவெளியில் ஒன்றாவதை எண்ணியபடி சிறிது நேரம் நின்றுவிட்டு, அவர் வண்டியைக் கீழ்நோக்கித் திருப்பினார்.

இறக்கத்தில் ஓர் ஓடை. காலைதான் என்றாலும் அடியிலிருந்த உருளைக்கற்கள் முன்சக்கரத்தைப் புரட்டிவிட்டன. எஞ்சின் அணைந்தது. வண்டி மெதுவாகச் சாய்ந்து நீரில் படுத்தது. சுமையில்லாமலே 200 கிலோ எடை, சுமையோடு 240. அந்த உயரத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் கிடைக்கும் உயிர்வளி கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. காற்றில் உயிர்வளியின் விகிதம் எங்கும் 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். இருமுறை தூக்கிப் பார்த்தார். மூன்றாம் முறை நிற்கவே முடியவில்லை. தாண்டியில் போட்ட கணக்கில் இந்த வரி இல்லை.

சாலையோரம் ஜல்லி பரப்பிக்கொண்டிருந்தவர்களில் இருவர் நீரில் இறங்கி வந்தார்கள். காலில் ரப்பர் பூட்ஸ், முகத்தில் தார்ப்புகைக்காகக் கட்டிய துணி. ஒருவர் கைப்பிடியையும் மற்றவர் பின்புறத்தையும் பற்றி, ஒரே மூச்சில் வண்டியை நிமிர்த்திக் கரையேற்றினார்கள். பிறகு அவர்களுள் இளையவர் கேட்டார்.

“தீதி, தனியாகவா வந்தீர்கள்?”

“ஆமாம், பையா. நீங்கள்?”

“நாங்கள் நாற்பது பேர். தும்காவிலிருந்து.” சற்றுப் பொறுத்து, “வீட்டில் அம்மாதான் தனியாக இருக்கிறாள்” என்றார்.

ஜார்க்கண்டின் தும்கா, கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் இல்லை. 1960இல் அமைக்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு இமயத்தில் இடும் சாலைகளில் கூலிக்கு உழைப்போர் பலர் அங்கிருந்தும் அதைச் சுற்றியுள்ள சந்தால் பர்கனாவிலிருந்தும் வருகிறவர்கள். பனி விலகும் பருவத்தில் வந்து, பனி மூடுமுன் திரும்புவது அவர்களின் ஆண்டு. சமவெளியில் பிறந்த உடல்கள் அவை. தாழ்நிலத்துப் பயணிக்கு மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கை அனைத்தும் அவர்களுக்கும் பொருந்தும். ஆனால் அவர்கள் கணவாயைக் கடந்துபோய்விடுவதில்லை, அங்கேயே மாதக்கணக்கில் கல் உடைக்கிறார்கள். 2020 ஊரடங்கின்போது லடாக்கில் சிக்கிய தொழிலாளர்களில் 60 பேரை மே மாத இறுதியில் ஜார்க்கண்ட் அரசு விமானத்தில் ராஞ்சிக்கு அழைத்துவந்தபோதுதான், இப்படியொரு வலசை இருக்கிறது என்பதே நாட்டின் பெரும்பகுதிக்குத் தெரியவந்தது. அடுத்த மாதமே தும்காவிலிருந்து சிறப்பு ரயில் புறப்பட்டு, வேறு பலரை லடாக்கை நோக்கி ஏற்றிச்சென்றது.

சர்ச்சுவைத் தாண்டினால் காட்டா வளைவுகள். 21 கொண்டை ஊசிகள். ஒரு வளைவில் சிறு கற்குவியலைச் சூழ்ந்து தண்ணீர்ப் புட்டிகள் நூற்றுக்கணக்கில் கிடக்கின்றன. பனிக்காலத் தொடக்கத்தில் பழுதாகி நின்ற லாரிக்குக் காவலாக அதன் கிளீனரை விட்டுவிட்டு ஓட்டுநர் உதவி தேடிப் போனார். பனி வழியை அடைத்தது. திரும்பி வந்தபோது அவன் உயிரோடு இல்லை. தாகம் தீராத அவன் ஆவிக்கே இந்தத் தண்ணீர் என்பது கதை. உண்மையோ பொய்யோ, இச்சாலை தனக்கென உண்டாக்கிக்கொண்ட தெய்வம் ஓர் அரசரோ துறவியோ அல்லர். தனியே விடப்பட்ட ஒரு கூலித்தொழிலாளி. ஆசிரியை தம்மிடமிருந்த ஒரு புட்டியை அங்கே வைத்தார்.

நக்கீலாவைக் கடந்து, 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங்லாவில் ஏறும்போது தலைவலி தொடங்கியது. முதலில் தலைக்கவசத்தின் இறுக்கம் போலிருந்தது. இறங்கும்போது நெற்றிப்பொட்டுகளில் துடித்தது. பாங்கில் உள்ள தாபாக் கூடாரம் ஒன்றினுள் நுழைந்து அமர்ந்தார். கூடாரத்தை நடத்தும் லடாக்கிய மூதாட்டி முகத்தைப் பார்த்ததுமே அடுப்பிலிருந்த கெட்டிலை எடுத்தார்.

“தலை வலிக்கிறதா?”

“கொஞ்சம், அமா-லே.”

“வாந்தி வருகிறதா?”

“இல்லை.”

“எழுந்திரு மகளே. இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரை, குதிகாலை விரலோடு ஒட்டி நட.”

அவர் நடந்தார். கோடு தவறவில்லை. உயரத்தால் மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று அறிய மலை மருத்துவர்கள் செய்யும் சோதனையும் இதுவே. தள்ளாடினால் ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்காமல் கீழே இறக்கவேண்டும். பாங்கில் அதுதான் சிக்கல். பின்னால் லாச்சுங்லா, முன்னால் இன்னும் உயரமான தங்லங்லா. எத்திசையில் சென்றாலும் ஏறித்தான் இறங்க வேண்டும். கூடாரத்துக்கு அப்பால் இராணுவ முகாம் இருக்கிறது, அங்கே உயிர்வளி உருளை இருக்கிறது என்று மூதாட்டி கையால் காட்டினார். தேநீர், பூண்டு சூப், ஒரு மணி நேரக் கட்டாய ஓய்வு. தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடும் அவ்வுயரத்தில் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது; அந்தக் குக்கரும் அவர் முதுகுக்குப் பின்னால் சீறிக்கொண்டிருந்தது. வலி மெல்ல இறங்கியது. “மோரே வெளியில் திரும்ப வலித்தால் மேலே ஏறாதே. இங்கே வந்துவிடு” என்று சொல்லித்தான் மூதாட்டி விடைகொடுத்தார். சூப்புக்குக் காசு வாங்கினார், ஆலோசனைக்கு வாங்கவில்லை.

மோரே வெளி 40 கிலோமீட்டர் சமதளம், ஏறத்தாழ 4,700 மீட்டர் உயரத்தில். பயண எழுத்துகள் வழக்கமாக ‘மனித வாடையற்ற வனாந்தரம்’ என்று வருணிக்கும் இடம். கூர்ந்து பார்த்தால் ஆடுகளின் தடம் தெரியும். கால்நடைக் கொட்டில்களின் தாழ்ந்த கற்சுவர்கள் தெரியும். தூரத்தில், யாக் மயிரால் நெய்த கறுப்புக் கூடாரம் ஒன்று இருக்கக்கூடும், ரேபோ என்பார்கள். சாங்பா மேய்ப்பர்கள் பருவத்துக்கு ஒரு புல்வெளியாக இடம் மாறி வாழும் நிலம் இது. உலகம் பஷ்மினா என்று விலை கொடுத்து வாங்கும் இழை, இந்தக் குளிருக்காகவே ஆடுகள் வளர்த்துக்கொள்ளும் உள்மயிர். ஒரு பருவத்தில் ஆளில்லாதிருப்பது, புல் மறுபடி முளைக்கட்டும் என்று விடப்பட்டிருப்பதன் அடையாளம். வெறுமையாகத் தோன்றுவது ஒருவகையான பயிர்ச்சுழற்சியே.

5,328 மீட்டர் உயரமுள்ள தங்லங்லாவில் அவர் அதிக நேரம் நிற்கவில்லை. மறுபுறம் இறங்கியதும் ரும்ட்சே; நாள் முழுவதும் கண்ட கூடாரங்களுக்குப் பின் வரும் முதல் ஊர், வாற்கோதுமை வயல்களோடு. கியாவையும் மீருவையும் கடக்கையில் பாறைகள் ஊதாவும் பச்சையுமாக நிறம் மாறின. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதியபோது இடையிலிருந்த டெத்திஸ் கடல் மூடிக்கொண்ட தையல், இந்தப் பள்ளத்தாக்கின் வழியேதான் செல்கிறது. உப்ஷியில் சிந்து வந்து சேர்ந்தது.

இரவு விடுதியில் தொலைபேசித் தொடர்பு கிடைத்ததும், நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி “முழுக்கத் தனியாகவா?” என்பது. எவரும் உடன் வரவில்லை என்ற பொருளில் ஆம் என்பதே நேர்மையான விடை. ஆனால் அந்த விடைக்குள் ஓடையில் இறங்கிய இருவர் இல்லை. கம்பத்திலிருந்து கம்பம் வரை நடக்கச் சொன்னவர் இல்லை. ஒருவர் தேர்ந்துகொண்டு வரும் தனிமைக்குச் சாகசம் என்று பெயர் இருக்கிறது. புகைப்படமும் பாராட்டும் இருக்கின்றன. அந்தச் சாகசத்துக்குச் சாலை போட வந்தவரின் தனிமைக்கும், தும்காவில் மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் தனிமைக்கும் அவ்வாறு பெயர் இல்லை. தனிப்பயணம் பொய் என்பதல்ல இதன் பொருள். அது பலர் சேர்ந்து ஒருவருக்கு அளிக்கும் பொருள்; பெற்றுக்கொண்டவர் அதைத் தம் வலிமை என்று கணக்கெழுதிவிடும்போதுதான் பிழை நேர்கிறது.

லேவுக்குச் சற்று முன்பு, சோக்லம்சரின் ஓரத்தில், கர்னக்லிங் என்றொரு குடியிருப்பைச் சாலை தொட்டுச் செல்கிறது. கர்னக் மேய்ச்சல் நிலத்தை விட்டு வந்த சாங்பாக்கள் குடியேறிய இடம். பள்ளிக்கூடத்துக்காக வந்தவர்கள், மருத்துவத்துக்காக வந்தவர்கள், மேய்ச்சலின் உழைப்பு தாங்காமல் வந்தவர்கள் என்று பல காரணங்கள். 2013இன் தொடக்கத்தில் சாங்தாங்கில் பெய்த கடும்பனியில் ஆயிரக்கணக்கான கால்நடைகள் மடிந்ததும் அம்மக்கள் நினைவில் இருக்கிறது. ஆசிரியை அதைக் கடந்தபோது அந்தி. வாசற்படியில் ஒரு முதியவர் கம்பளி நூல் நூற்றுக்கொண்டிருந்தார். வனாந்தரத்திலிருந்து வரும் வண்டியை அவர் நிமிர்ந்து பார்த்தார். அது அவருடைய ஊர்ப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது.